தராசைச் சோதிப்பது எப்படி? – கடைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்



கடையில் நாம் தினமும் நூறு தடவை தொடுகிற பொருள் தராசு. கல்லாப்பெட்டியை மாலையில் எண்ணிப் பார்க்கிறோம். சிட்டையைக் கூட்டிப் பார்க்கிறோம். தராசை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்கும் நாளில்தான் நினைக்கிறோம். இடையில் உள்ள 364 நாட்களும் அது சரியாகத்தான் காட்டுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டாமா? இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரம் செய்து வருபவன் என்ற முறையில், தராசைச் சோதிக்கும் முறைகளை இங்கே எழுதுகிறேன். பெரிய படிப்போ கருவியோ தேவையில்லை. முத்திரை இட்ட இரண்டு மூன்று எடைக்கற்களும், வாரத்தில் கால் மணி நேரமும் போதும்.

நட்டம் யாருக்கு?

தராசு தவறு என்றால் வாடிக்கையாளருக்கு நட்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் தராசு, வாங்குபவருக்கு நட்டம். குறைத்துக் காட்டும் தராசோ விற்கும் நமக்கு நட்டம். ஏனென்றால் ஒரு கிலோ என்று எண் வரும்வரை நாம் சரக்கை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பலசரக்குக் கடையில் சீனி, பருப்பு, அரிசி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 200 கிலோ சில்லறையாக எடை போட்டு விற்பதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 கிராம் கூடுதலாகப் போனால் நாளைக்கு ஒரு கிலோ. ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் 300 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று குறைவாகப் போட்டாலும் 12,000 ரூபாய். சீனியிலும் பருப்பிலும் நமக்கு நிற்கிற லாபம் எவ்வளவு என்று நமக்கே தெரியும். அதில் நூற்றுக்கு அரை ரூபாய் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போவது சிறிய விஷயமல்ல. இதே 5 கிராம் எதிர்ப்பக்கம் போனால் பணம் நம் கல்லாவுக்கு வரும், ஆனால் பெயர் போய்விடும். ஊருக்குள் ஒரு கடை "எடை குறைச்ச கடை" என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பெயரை அழிக்க ஒரு தலைமுறை ஆகும்.

பழைய தராசும் அதன் சோதனையும்

நம் முன்னோர் பலம், வீசை, மணங்கு என்று நிறுத்தார்கள். 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. ஒரு வீசை என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகக் கிலோ கிராம் வந்தது. அளவுக்குப் பெயர் வைத்துக் காப்பாற்றும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜ சோழன் கொடுத்த பொன் "ஆடவல்லான்" என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்று கல்வெட்டே கூறுகிறது. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்று எழுதிவைத்தால்தான் எடைக்கு மதிப்பு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

இன்றும் காய்கறிக் கடைகளிலும் பழைய கிட்டங்கிகளிலும் இரண்டு தட்டுத் தராசு புழங்குகிறது. காலித் தட்டுகள் சமமாக நின்றால் தராசு சரி என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. கோலின் ஒரு கை மற்றொன்றைவிடச் சற்று நீளமாக இருந்தால், தட்டின் கனத்தை மாற்றிக் காலியாகச் சமன் செய்துவிடலாம். பாரம் ஏற்றும்போது தவறு வெளிப்படும்.

இதற்கு எளிய சோதனை தட்டு மாற்றுவது. வலத் தட்டில் கல்லும் இடத் தட்டில் சரக்கும் வைத்து முள் நேராக நிற்கும்படி செய்யுங்கள். பிறகு கல்லை இடத்திற்கும் சரக்கை வலத்திற்கும் மாற்றுங்கள். முள் மீண்டும் நேராக நின்றால் இரண்டு கைகளும் சமம். சாய்ந்தால் கோலில் கோளாறு. கைகளின் நீளம் இருநூறில் ஒரு பங்கு வித்தியாசப்பட்டால்கூடக் கிலோவுக்கு 5 கிராம் போய்விடும். கோல் தாங்கி நிற்கும் கத்திமுனை மழுங்கினாலும், அதில் துருவோ பிசுக்கோ ஏறினாலும் முள் மந்தமாகும். அரைக் கிராம், ஒரு கிராம் போட்டால் அசைய வேண்டிய முள் அசையாமல் நிற்கும்.

கல்லைச் சோதியுங்கள்

தராசு சரியாக இருந்து கல் தவறினாலும் முடிவு ஒன்றுதான். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் அடைத்து எடையைச் சரிசெய்து, அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துகிறார்கள். கல்லைத் தரையில் போட்டுப் போட்டு அந்த ஈயம் கழன்று விழுந்தால் கல்லின் எடை குறைந்துவிடும். துரு உதிர்ந்தாலும் குறையும். எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் ஒட்டினால் கூடும். ஆகவே கல்லை அவ்வப்போது புரட்டிப் பார்த்து ஈயமும் முத்திரையும் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது.

சோதனைக்கு என்று தனியாக 5 கிலோ ஒன்று, 1 கிலோ ஒன்று, 100 கிராம் ஒன்று முத்திரையுடன் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அவற்றை அன்றாட வியாபாரத்திற்கு எடுக்காதீர்கள். சோதிக்கும் பொருள் சரியாக இருந்தால்தான் சோதனை செல்லும். நம் ஊரில் விளையாட்டுச் சாமான் விற்பவர்கள் சிலர் ஷட்டில், டென்னிஸ் மட்டைகளுக்கு எந்திரத்தில் நரம்பு கட்டிக் கொடுக்கிறார்கள். அந்த எந்திரம் எத்தனை கிலோ இழுக்கிறது என்பதை ஒரு தொங்கு தராசை மாட்டித்தான் பார்க்கிறார்கள். அந்தத் தொங்கு தராசே ஒரு கிலோ தவறினால், எந்திரத்தை எவ்வளவு திருகினாலும் மட்டை சரிவராது. முதலில் தொங்கு தராசில் 10 கிலோ கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் எந்திரம். பலசரக்குக் கடைக்கும் இதே வரிசைதான்: முதலில் கல், பிறகு தராசு.

நம் கல் சரியா என்பதற்கும் மேலே ஒரு படிவரிசை இருக்கிறது. முத்திரை ஆய்வாளரிடம் உள்ள கற்கள் அதற்கு மேல்நிலையில் உள்ள கற்களுடன் ஒப்பிடப்படுகின்றன. அவை பெங்களூரில் இருப்பது போன்ற மண்டல ஆய்வுக்கூடங்களுடனும், அவை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துடனும் ஒப்பிடப்படுகின்றன. நாட்டின் மூலக் கிலோ கல் அங்கேதான் இருக்கிறது. நம் கடை கல்லின் முத்திரை என்பது அந்தச் சங்கிலியின் கடைசி வளையம்.

எலெக்ட்ரானிக் தராசு எப்படி நிறுக்கிறது?

இன்று பெரும்பாலான கடைகளில் எலெக்ட்ரானிக் தராசுதான். இதில் எதிர்த் தட்டும் இல்லை, கல்லும் இல்லை. தட்டுக்கு அடியில் "லோடு செல்" என்னும் ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறினால் அது மயிரிழை அளவு வளைகிறது. அதன் மேல் ஒட்டியுள்ள மெல்லிய கம்பித் தகடுகள் அந்த வளைவோடு சேர்ந்து நீள்கின்றன. அதனால் அவற்றில் மின்சாரம் ஓடும் தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் உள்ளே இருக்கும் சுற்று எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. பாரத்துக்குத் தக்க அளவில் பொருள் வளையும் என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிதான் இதற்கு அடிப்படை. வில் தராசும் அதே விதிப்படிதான் வேலை செய்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். முதலாவது, 30 கிலோ தராசின் மேல் 50 கிலோ மூட்டையைத் தொப்பென்று போட்டால் அந்தக் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடும். பிறகு அது சரியாகக் காட்டாது. இரண்டாவது, இரவெல்லாம் பாரத்தைத் தட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. கட்டை அந்தப் பாரத்திற்குப் பழகி, எடுத்தவுடன் சுழிக்கு வரத் தாமதிக்கும். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். இந்தத் தராசு உண்மையில் அளப்பது பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசையை. அந்த இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பூமத்திய ரேகைக்கு அருகில் குறைவு. வடக்கே போகப் போகக் கூடுதல். மலை மேல் சற்றுக் குறைவு. டெல்லியைவிட நம் வட்டாரத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. எனவே டெல்லியில் வைத்துத் துல்லியமாகச் சரிசெய்த தராசு, இங்கே வந்தால் 10 கிலோ கல்லுக்குச் சுமார் 10 கிராம் குறைத்துக் காட்டும். 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம். முன்பே சொன்னபடி, குறைத்துக் காட்டினால் நட்டம் நமக்கு. இரண்டு தட்டுத் தராசில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே இழுப்பு இரண்டு பக்கமும் ஒன்றாகக் குறைவதால் சமன் கெடாது.

ஆகவே வெளியூரிலிருந்து தருவித்த தராசை, "புதுசுதானே" என்று அப்படியே பயன்படுத்தக் கூடாது. வைத்துப் பயன்படுத்தும் ஊரில் சரிபார்த்து முத்திரை வைத்த பிறகே வியாபாரத்திற்கு எடுக்க வேண்டும்.

தகட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு தராசிலும் ஒரு தகடு இருக்கும். அதில் "மேக்ஸ்" என்று போட்டிருப்பது அதிகபட்ச எடை. "மின்" என்பது குறைந்தபட்ச எடை. "இ" என்ற ஆங்கில எழுத்துக்கு நேரே இருப்பது சரிபார்ப்புப் படி. 30 கிலோ தராசில் பெரும்பாலும் "இ" 5 கிராமாக இருக்கும். கடைகளில் புழங்கும் மூன்றாம் வகுப்புத் தராசில் குறைந்தபட்ச எடை அந்தப் படியைப் போல் 20 மடங்கு. அதாவது 100 கிராம். அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுப்பது முறையல்ல.

இதன் பொருள் என்ன? முத்திரை வைக்கும்போது இந்தத் தராசுக்கு அனுமதிக்கப்படும் தவறு 2.5 கிலோ வரை இரண்டரைக் கிராம். அதற்கு மேல் 10 கிலோ வரை 5 கிராம். அதற்கு மேல் 30 கிலோ வரை ஏழரைக் கிராம். 10 கிலோ அரிசியில் 5 கிராம் ஒன்றுமில்லை. ஆனால் 100 கிராம் ஏலக்காயில் இரண்டரைக் கிராம் என்றால் நூற்றுக்கு இரண்டரை. ஏலம், கிராம்பு, மிளகு, முந்திரி விற்பவர்கள் அவற்றுக்கு ஒரு கிராம் படியுள்ள சிறிய தராசு தனியாக வைத்துக்கொள்வதே லாபம்.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

1. மட்டம்: தராசின் ஓரத்தில் சிறிய ரசமட்டக் குமிழி இருக்கும். குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கும்படி கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். பலகை ஆடக் கூடாது. தினமும் கடை திறந்ததும் பார்க்க வேண்டியது இது.

2. சுழி: தராசைப் போட்டுச் சில நிமிடம் கழித்துக் காலித் தட்டில் சுழி நிற்கிறதா என்று பாருங்கள். மின்விசிறிக் காற்று நேராகத் தட்டில் பட்டால் எண் ஆடும். பேட்டரி இறங்கினாலும் எண் தடுமாறும்.

3. நடு எடை: 1 கிலோ, 5 கிலோ, இரண்டும் சேர்த்து 6 கிலோ என்று தட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள். ஏற்றும்போது வந்த எண்ணே இறக்கும்போதும் வர வேண்டும்.

4. திரும்பத் திரும்ப: ஒரே கல்லை மூன்று தடவை எடுத்து எடுத்து வையுங்கள். மூன்று தடவையும் ஒரே எண் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டினால் அந்தத் தராசை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

5. மூலை: தராசின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு எடையை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 30 கிலோ தராசுக்கு 10 கிலோ. நான்கு மூலையும் நடுவும் ஒத்துப்போக வேண்டும். நம் கடைகளில் அதிகமாகத் தவறுவது இந்தச் சோதனையில்தான்.

முடிவுகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு நாள் சண்டை வந்தால் அந்த நோட்டு பேசும்.

கல் தீர்த்த வழக்கு

சில ஆண்டுகளுக்கு முன் வத்திராயிருப்புப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, பருப்பு மூட்டைக்கு முந்நூறு கிராம் குறையுது. ஒரு மூட்டையில இல்ல, எல்லா மூட்டையிலயும்" என்றார். என் கிட்டங்கியில் அந்த மூட்டைகள் 50 கிலோ சரியாகக் காட்டியவை. பத்து வருடப் பழக்கம். வார்த்தை தடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். "தம்பி, நீங்க சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். கல்லு சொல்லட்டும்" என்று முத்திரைக் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்கே போனோம்.

அவருடைய தராசு 100 கிலோ பிளாட்பாரம் தராசு. 10 கிராம் படி. பலகையின் நடுவில் 20 கிலோ வைத்தோம். சரியாக 20.00 காட்டியது. அவருக்குத் திகைப்பு. "மூட்டையை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன். இடம் குறைவு என்பதால் சுவரோரத்து மூலையில் சாய்த்து வைப்பது வழக்கம் என்றார். அதே மூலையில் 20 கிலோ கல்லை வைத்தோம். 19.88 காட்டியது. 20 கிலோவுக்கு 120 கிராம் குறைவு என்றால், 50 கிலோவுக்குக் கணக்காக 300 கிராம்.

பலகையைத் தூக்கிப் பார்த்தால் அந்த மூலையில் அடிச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் துவரம் பருப்பும் சணல் நாரும் கெட்டித்துப் போயிருந்தன. பாரத்தில் ஒரு பகுதியை லோடு செல்லுக்குப் போக விடாமல் அந்தக் குப்பையே தாங்கிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்ததும் நான்கு மூலையும் ஒன்றாகக் காட்டின. முத்திரையைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகுதான் அவருக்கு மற்றொன்று உறைத்தது. மூட்டை வாங்கும்போது 300 கிராம் குறைத்துக் காட்டிய அதே மூலையில் வைத்துத்தான் அவர் ஹோட்டல்களுக்கு மொத்தமாக நிறுத்துக் கொடுத்திருக்கிறார். அங்கே ஒவ்வொரு 50 கிலோவுக்கும் 300 கிராம் கூடுதலாகப் போயிருக்கிறது. என்னிடம் குறைவு என்று கேட்ட பணம் அவருக்கு வர வேண்டியதே இல்லை. ஹோட்டல்களுக்குப் போன பருப்போ திரும்பி வராது.

சோதிக்கலாம், திருத்தக் கூடாது

சோதித்துப் பார்ப்பது நம் உரிமை. சோதனையில் தவறு தெரிந்தால் முத்திரையை உடைத்து நாமே திருத்துவது குற்றம். தட்டைச் சுத்தம் செய்வதும், மட்டம் பார்ப்பதும், இடம் மாற்றுவதும் நம் வேலை. அளவைத் திருத்துவது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வேலை. அவர் திருத்திய பிறகு ஆய்வாளர் மறுபடி சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். "இப்படிச் செட்டிங் வேண்டுமா, அப்படிச் செட்டிங் வேண்டுமா?" என்று கேட்டு வருபவர்களைக் கடைப்படி ஏற விடாதீர்கள். அவர் இன்று நமக்குச் செய்ததை நாளை பத்துக் கடையில் சொல்வார்.

2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளின்படி எடைக்கற்கள், அளவுகள், இரண்டு தட்டுத் தராசு, மேசைத் தராசு ஆகியவற்றுக்கு 24 மாதங்களுக்கு ஒருமுறை மறுமுத்திரை. எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறை. நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பெட்டி தூக்கிப் பார்க்கும் முத்திரையில்லாத சிறு தொங்கு தராசுகளை வியாபாரத்திற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பெட்டி எடை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டுப் பால்கோவாப் பெட்டியோடுதான் திரும்புகிறார்கள். கால் கிலோ கேட்பவருக்கு அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் கால் கிலோ நிறுத்துக் கொடுப்பது தவறு. பெட்டி 20 கிராம் என்று வைத்தால் பால்கோவா 230 கிராம்தான். நூற்றுக்கு எட்டுக் குறைவு. காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து "டேர்" பொத்தானை அழுத்திச் சுழிக்குக் கொண்டுவந்த பிறகே பால்கோவாவை வைக்க வேண்டும். அடுத்த வாடிக்கையாளருக்கு வேறு அளவுப் பெட்டி என்றால் மறுபடி அழுத்த வேண்டும். சாக்கு எடைக்கும் இதே முறைதான். பத்துக் காலிச் சாக்கைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்துச் சராசரி எடுத்துக்கொண்டால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் வழக்கு வராது.

ஒரு வேண்டுகோள்

20 கிலோ கற்கள் ஐந்து, 10 கிலோ ஒன்று, சில்லறைக் கற்கள் ஒரு செட் – இவற்றை முத்திரையுடன் நம் சங்கமே வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம் என்பது என் கருத்து. தனிக்கடைக்காரர் 100 கிலோவுக்குக் கல் வாங்கி வைப்பது சிரமம். உறுப்பினர்கள் முறை வைத்து எடுத்துச் சென்று தங்கள் பிளாட்பாரம் தராசைச் சோதித்துத் திருப்பித் தரலாம். மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் எடைத் தகராறு வந்தால் அந்தக் கற்களே நடுவராக இருக்கட்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த இதழ் கைக்கு வந்த வாரத்திலேயே தட்டைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிறகு ஐந்து கிலோ கல்லை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் நிம்மதி. தவறாக இருந்தால், யாரும் வந்து சொல்வதற்கு முன் நாமே கண்டுபிடித்தோம் என்ற திருப்தி.